டவர் இல்லை, நெட் சுத்துது, பேச்சு கட் ஆகுது: கம்பெனியை மாற்றும் முன் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

"எந்த கம்பெனி சிம் வாங்கினால் சிக்னல் நல்லா இருக்கும்?" இந்தக் கேள்வியோடு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த இடத்தில், என்ன ஆகிறது? நகரத்துக்குள் ஒரே தெருவின் இரண்டு பக்கத்திலும் வேறு வேறு கம்பெனி நன்றாக எடுக்கும். ஒரே வீட்டில் ஹாலில் ஒன்று எடுக்கும், படுக்கையறையில் இன்னொன்று எடுக்கும். அதனால் ஊருக்கே நல்ல கம்பெனி என்று ஒன்றைத் தேடுவதில் பயனில்லை. நீங்கள் தூங்கும் இடம், வேலை செய்யும் இடம், போய்வரும் வழி, இந்த மூன்றிலும் எது எடுக்கிறதோ அதுதான் உங்களுக்கான கம்பெனி.

சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் என்று பல வருஷமாக இதே புகாரைச் சரி செய்து தந்துகொண்டிருக்கிறேன். அவசரப்பட்டு கம்பெனியை மாற்றிவிட்டு, அதே குறையோடு மறுபடி வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது. செலவில்லாத சோதனையில் தொடங்கி, கம்பெனி மாற்றுவதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

எந்தக் குறையாக இருந்தாலும் முதலில் இது: கோட்டை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்

திரையின் மேலே தெரியும் சிக்னல் கோடுகளுக்குப் பொதுவான அளவு எதுவும் கிடையாது. எத்தனை கோடு காட்டுவது என்பதைப் போன் செய்பவர்களே முடிவு செய்கிறார்கள். ஒரு போன் நான்கு கோடு காட்டும் இடத்தில் இன்னொரு போன் இரண்டு காட்டும். நம்ப வேண்டியது எண்ணைத்தான்.

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று உள்ளே போனால் சிக்னல் ஸ்ட்ரெங்த் என்ற வரியில் மைனஸ் குறியோடு ஓர் எண்ணும் பக்கத்தில் டிபிஎம் (சிக்னல் பலத்தை அளக்கும் அலகு) என்றும் இருக்கும். சில போன்களில் இது வேறு பெயரில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும். ஐபோனில் *3001#12345#* என்று அடித்துக் கால் பொத்தானை அழுத்தினால் ஒரு சோதனைத் திரை வரும். அதில் ஆர்எஸ்ஆர்பி (டவரிலிருந்து வரும் சிக்னலின் பலம்) என்ற வரியைப் பாருங்கள்.

மைனஸ் எண் என்பதால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் நல்லது. 4ஜியில் -90, அதைவிட நல்ல எண் என்றால் குறையே சொல்ல முடியாது. -100 என்றால் ஓடும். -110 வந்தால் பேச்சு உடையத் தொடங்கும். -120 பக்கம் போனால் தொடர்பு எந்த நேரமும் அறுந்துவிடும். 10 குறைந்தால் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது என்று நினைக்காதீர்கள். அது பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம்.

எண் நொடிக்கு நொடி ஆடும். ஓர் இடத்தில் ஒரு நிமிடம் நின்று, நடுவாக வரும் எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் எழுதிக் கொண்டுவந்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது: கட்டில் -116, சமையலறை -109, ஹால் ஜன்னல் -94, பால்கனி -86. "இரவு மகன் கூப்பிட்டால் கிடைக்க மாட்டேன் என்கிறது, இந்த கம்பெனி வேண்டாம்" என்று வந்தவர் அவர். போய்ப் பார்த்தால், இரவில் போன் இருந்த இடம் கட்டிலுக்கும் இரும்பு அலமாரிக்கும் நடுவில் இருந்த ஒரு சாண் இடைவெளி. அங்கிருந்து எடுத்துக் கட்டிலின் மறுபக்கம் வைத்தோம். எண் -104க்கு வந்தது. மிச்சத்தை வைஃபை காலிங் (வீட்டு வைஃபை வழியாகவே அழைப்பு வந்து போகும் வசதி) பார்த்துக்கொண்டது. அவர் கம்பெனியை மாற்றவே இல்லை.

குறை 1: எங்கே போனாலும் "சேவை இல்லை"

இது பெரும்பாலும் டவர் பிரச்சினையாக இருக்காது.

ஏரோப்ளேன் மோடைப் போட்டு, இருபது நொடி விட்டு எடுங்கள். சரியாகாவிட்டால் போனை அணைத்துப் போடுங்கள். அப்புறம் நெட்வொர்க் தேர்வு ஆட்டோமேட்டிக்கில் இருக்கிறதா பாருங்கள். வெளிநாடு போய் வந்தவர்களின் போனில் இது மேனுவலிலேயே நின்றுவிட்டிருக்கும். கணக்கில் பணம் கட்டியிருக்கிறதா, கெடு முடிந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். அதே கம்பெனி சிம் வைத்திருக்கும் இன்னொருவருக்கும் சேவை இல்லையென்றால் கோளாறு கம்பெனி பக்கம், காத்திருப்பதுதான் வழி.

அடுத்து சிம்மைக் கழற்றி, உலர்ந்த மென்மையான துணியால் தங்க நிறப் பக்கத்தைத் துடைத்து இன்னொரு போனில் போடுங்கள்.

*அந்தப் போனிலும் எடுக்கவில்லை:* சிம் போய்விட்டது. உங்கள் கம்பெனியின் கடையில் அதே எண்ணுக்கு வேறு சிம் வாங்கிக்கொள்ளுங்கள். 4ஜி வருவதற்கு முன்பு வாங்கிய சிம்மை இன்னும் வைத்திருந்தால் குறை இல்லாவிட்டாலும் மாற்றிவிடுவது நல்லது. பழைய சிம்கள் பல 4ஜியில் பதிவே ஆகாது.

*அந்தப் போனில் எடுக்கிறது:* குறை உங்கள் போனில். *#06# அடியுங்கள். ஐஎம்இஐ என்ற 15 இலக்க எண் வர வேண்டும். வெறுமையாகவோ பூஜ்யங்களாகவோ வந்தால் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். எண் சரியாக வந்தால் நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய்து பாருங்கள் (சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும், முன்னாலேயே குறித்து வையுங்கள்). வேறு நாட்டில் வாங்கிய போன் என்றால், அது அந்த நாட்டுக் கம்பெனியோடு பூட்டப்பட்டிருக்கலாம், அல்லது உங்கள் ஊர் அலைவரிசைகள் அதில் இல்லாமல் இருக்கலாம்.

இன்னொன்றை நான் எப்போதும் கேட்பேன்: சமீபத்தில் திரையோ பேட்டரியோ மாற்றக் கொடுத்தீர்களா? பல போன்களில் ஆன்டெனாவுக்குப் போகும் நூல் மாதிரியான ஒரு கம்பி உள்ளே இருக்கும். அதன் முனையில் இருக்கும் பொட்டு அளவுப் பித்தான் சரியாக அழுந்தவில்லையென்றால் நல்ல சிக்னல் உள்ள இடத்திலும் எண் படுமோசமாகக் காட்டும். நீங்களே திறக்க வேண்டாம். வேலை செய்தவரிடம் கொடுத்து, ஆன்டெனா கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குறை 2: வெளியே நன்றாக எடுக்கிறது, வீட்டுக்குள் வந்தால் போய்விடுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். வாசலுக்கு வெளியே ஓர் எண், உள்ளே ஓர் எண் எடுங்கள்.

*வெளியே -85, உள்ளே -110 மாதிரி பெரிய இடைவெளி:* கட்டடம்தான் தடுக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட், உலோகக் கூரை, வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய ஜன்னல் கண்ணாடி ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். கண்ணாடியைப் பலரும் சந்தேகப்படுவதில்லை. ஜன்னலை மூடி ஓர் எண், திறந்து ஓர் எண் பாருங்கள். 10க்கு மேல் மாறினால் கண்ணாடிதான். போன் உறையில் காந்தமோ இரும்புத் தகடோ இருந்தால் அதையும் கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள்.

வீட்டில் இன்டர்நெட் இணைப்பு இருந்தால் வைஃபை காலிங்கைப் போடுங்கள். செட்டிங்ஸில் சிம் அல்லது கால் பகுதியில் இருக்கும். டவர் எட்டாத அறையிலும் உங்கள் வழக்கமான எண்ணுக்கே அழைப்பு வரும், போகும். செலவில்லாத தீர்வு இதுவே. முக்கால்வாசி வீடுகளில் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது. போட்டும் வேலை செய்யவில்லையென்றால் உங்கள் கம்பெனி உங்கள் போன் மாடலுக்கு அதைத் திறந்துவிட்டிருக்கிறதா என்று கேளுங்கள். எல்லா மாடலுக்கும் திறந்துவிடுவதில்லை.

*வெளியேயும் -108, உள்ளேயும் -114 மாதிரி இரண்டும் மோசம்:* உங்கள் கம்பெனியின் டவர் அந்தப் பக்கத்தில் தூரமாக இருக்கிறது, அல்லது நடுவில் எதுவோ மறைக்கிறது. கம்பெனி மாற்றுவதற்கு நியாயமான காரணம் இது. கடைசிப் பகுதிக்குப் போகலாம்.

இந்த இடத்தில் அலைவரிசை பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1000 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அலைகள் (700, 800, 850, 900) சுவரைத் தாண்டி நன்றாக உள்ளே வரும். 1800, 2100, 2300, 2600, 3500 என்று ஏற ஏற வேகம் கிடைக்கும், சுவரில் தேய்மானமும் கூடும். மேலே சொன்ன ஐபோன் திரையிலோ ஆண்ட்ராய்டில் ஏதாவது சிக்னல் ஆப்பிலோ பேண்ட் எண் (போன் எந்த அலைவரிசையில் நிற்கிறது என்பதைக் காட்டும் எண்) தெரியும். 4ஜியில் பேண்ட் 5 என்றால் 850, 8 என்றால் 900, 20 என்றால் 800, 28 என்றால் 700. பேண்ட் 3 என்றால் 1800, 1 என்றால் 2100, 40 என்றால் 2300. வீட்டின் உள்ளறையில் எந்த கம்பெனி சின்ன அலைவரிசையில் நிற்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது.

பூஸ்டர் வாங்கலாமா என்று கேட்பார்கள். கண்ட இடத்தில் கிடைக்கும் பூஸ்டரை வாங்கி மாட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பல நாடுகளில் அனுமதி இல்லாமல் அதை வைப்பது குற்றம். வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மைக்கும் ஸ்பீக்கரும் ஊளையிடுவது போல அது ஊளையிடும். டவருக்கே தொல்லை கொடுத்துத் தெருவில் இருப்பவர்கள் அத்தனை பேரின் சிக்னலையும் கெடுக்கும். அந்தத் தெருவில் யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம். உங்கள் கம்பெனியிடமே கேளுங்கள். சிலர் வீட்டு இன்டர்நெட்டோடு இணைக்கும் குட்டி டவர் தருவார்கள். முழுக் கட்டடத்துக்கும் இந்தக் குறை இருந்தால் குடியிருப்போர் சேர்ந்து கம்பெனிக்கு எழுதுங்கள். கட்டடத்துக்குள் ஆன்டெனா அமைப்பது அவர்களுடைய பொறியாளர் செய்ய வேண்டிய வேலை.

குறை 3: கோடு முழுசாக இருக்கிறது, நெட் மட்டும் சுத்திக்கொண்டே இருக்கிறது

முதலில் எளியவை. இன்றைய டேட்டா அளவு தீர்ந்து வேகத்தைக் குறைத்துவிட்டார்களா? இரண்டு சிம் இருந்தால் டேட்டா எந்த சிம்மில் ஓடுகிறது? விபிஎன் ஓடுகிறதா? டேட்டா சேவர் போட்டிருக்கிறதா? புது சிம் என்றால் ஏபிஎன் அமைப்பு (போனை கம்பெனியின் இன்டர்நெட்டோடு இணைப்பது) சரியா? ஏபிஎன் பெயர் தெரியாவிட்டால் ரீசெட் கொடுங்கள், பெரும்பாலும் தானாக நிரம்பிவிடும்.

இவையெல்லாம் சரியென்றால் வைஃபையை அணைத்துவிட்டு, ஒரே இடத்தில் உட்கார்ந்து, விடிகாலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை வேகத்தை அளந்து எழுதுங்கள்.

*விடிகாலையில் பறக்கிறது, இரவில் நகரவில்லை:* டவரில் கூட்டம். சிக்னல் எண் நன்றாக இருந்தாலும் அந்த டவரின் கொள்ளளவை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். போனில் நீங்கள் என்ன செய்தாலும் இது தீராது. 5ஜிக்கும் 4ஜிக்கும் மாற்றிப் பாருங்கள், எது காலியாக இருக்கிறதோ அதில் இருங்கள். சொந்த டவர் இல்லாமல் வேறு கம்பெனியின் டவரில் ஓடும் மலிவான சேவையை வைத்திருந்தால், கூட்ட நேரத்தில் டவர்காரருடைய சொந்த வாடிக்கையாளருக்குப் பிறகே உங்கள் முறை வரக்கூடும். அதே டவர்காரரின் நேரடி சிம்மை வைத்துப் பாருங்கள்.

*எல்லா நேரமும் ஒரே மாதிரி மோசம்:* அதே சோதனைத் திரையிலோ சிக்னல் ஆப்பிலோ எஸ்ஐஎன்ஆர் என்ற எண்ணைப் பாருங்கள். சுற்றியுள்ள இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு மேலே நிற்கிறது என்று சொல்வது அது. 20க்கு மேல் அருமை, 10 சுமார், பூஜ்யத்துக்குக் கீழே என்றால் சிக்னல் இருந்தும் பயனில்லை.

*வீடியோ ஓடுகிறது, ஆனால் படம் அனுப்பினால் போகவில்லை:* டவர் பேசுவது உங்களுக்குக் கேட்கிறது, உங்கள் போன் பேசுவது டவருக்குக் கேட்கவில்லை. டவர் பல வாட் சக்தியில் அனுப்பும். உங்கள் கையில் இருப்பதோ சாதாரணமாக அதிகபட்சம் 0.2 வாட். ஜன்னல் பக்கம் நகருங்கள். பேட்டரி வழக்கத்தைவிட வேகமாக இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். போன் முழு பலத்தோடு கத்திக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

குறை 4: உயரமான மாடியில் சிக்னல் முழுசு, பேச்சு மட்டும் உடைகிறது

இதைப் பலரும் நம்ப மாட்டார்கள். உயரம் போகப் போக நன்றாக எடுக்கும் என்று நினைப்போம். டவரின் ஆன்டெனா தெருவைப் பார்த்துக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். இருபதாவது மாடியில் இருக்கும் உங்களுக்குப் பக்கத்து டவர் முகம் காட்டாது, தூரத்து டவர்கள் பல ஒரே நேரத்தில் தெரியும். எதுவும் தெளிவாக மேலோங்காததால் போன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். -85 காட்டும், எஸ்ஐஎன்ஆர் பூஜ்யம் காட்டும்.

வீட்டின் இரண்டு பக்கமும் நின்று பாருங்கள். ஒரே ஒரு டவர் மட்டும் தெரியும் பக்கத்து அறை, கட்டடத்தின் நடுப்பகுதி, இவற்றில் சிக்னல் எண் குறைந்தாலும் பேச்சு தெளிவாக இருக்கும். வைஃபை காலிங்கைப் போட்டு, சில போன்களில் உள்ள "வைஃபைக்கு முன்னுரிமை" என்பதையும் தேர்ந்தெடுங்கள். இதற்கும் மேல் கட்டடத்துக்குள் ஆன்டெனா வேண்டும்.

குறை 5: பேச்சு பாதியில் கட் ஆகிறது, அல்லது ஒரு பக்கம்தான் கேட்கிறது

பேசத் தொடங்கும்போது மேலே இருக்கும் 4ஜி எழுத்து மறைகிறதா என்று பாருங்கள்.

*மறைகிறது:* வோல்டி (4ஜி வழியாகவே பேசும் வசதி) ஓடவில்லை, போன் பழைய 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசுகிறது. பல நாடுகளில் 3ஜியை மூடிவிட்டார்கள், அங்கே இறங்குவதற்கு இடமே இல்லை. செட்டிங்ஸில் வோல்டியைப் போடுங்கள். அந்த வரியே இல்லையென்றால் போனை அப்டேட் செய்யுங்கள், அப்புறமும் இல்லையென்றால் கம்பெனியில் கேளுங்கள்.

*மறையவில்லை:* எங்கே கட் ஆகிறது? வீட்டு வாசலைத் தாண்டும்போது மட்டும் என்றால், வைஃபையிலிருந்து டவருக்கு அழைப்பு கைமாறவில்லை. வெளியே கிளம்பும் நேரத்தில் வைஃபையை முன்னாலேயே அணைத்துவிட்டுப் பேசுங்கள். லிஃப்டில் என்றால் அது இரும்புப் பெட்டி. போனில் குறை இல்லை. எங்கே வேண்டுமானாலும் என்றால், வேறு வேறு கம்பெனியில் இருக்கும் மூன்று பேரைக் கூப்பிடுங்கள். ஒருவரிடம் மட்டும் கட் ஆனால் குறை அவர் பக்கம்.

உங்கள் குரல் அவர்களுக்கு எப்போதுமே மங்கலாகப் போகிறதா? போனில் குரலைப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். அதிலும் மங்கல் என்றால் மைக் துளையில் தூசி இருக்கலாம், அல்லது மைக் போயிருக்கலாம். உறையை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். துளைக்குள் ஊசி விட வேண்டாம், கடையில் கொடுங்கள்.

குறை 6: மணியே அடிக்கவில்லை, "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்கிறதாம்

வயதானவர்கள் வீட்டில் இந்தக் குறை இருந்தால் மற்றதை விட்டுவிட்டு இதை முதலில் பாருங்கள். அவர்களுக்குத் தெரியாமலே அழைப்புகள் தவறிக்கொண்டிருக்கும்.

டு நாட் டிஸ்டர்ப், தெரியாத எண்ணை அமைதியாக்கும் வசதி, இரண்டும் அணைந்திருக்கிறதா? அடுத்து *#21# அடித்தால் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பி விடப்பட்டிருக்கிறதா என்று பெரும்பாலான கம்பெனிகளில் தெரியும். தெரியாத எண் ஏதாவது வந்தால் ##002# அடித்து எல்லாத் திருப்பலையும் நீக்கலாம். வாய்ஸ் மெயில் வைத்திருந்தால் அதுவும் நீங்கும், மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு சிம் போன் என்றால், ஒன்றில் பேசும்போது இன்னொன்று தொடர்பில் இல்லாமல் போவது பல மாடல்களில் இயல்பு. 5ஜி மெலிதாகக் கிடைக்கும் இடத்தில் போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் தாவும்போதும் அழைப்பு தவறும். 4ஜியில் நிறுத்தி இரண்டு நாள் பாருங்கள்.

குறை 7: போகும் வழியில் மட்டும்

தினமும் அதே பாலத்தடியில், அதே சுரங்கப் பாதையில் என்றால் அந்த இடத்தில் அலை இல்லை. போனை நோண்ட வேண்டாம். அதே வழியில் போகும் வேறு கம்பெனிக்காரர்களுக்கு எடுக்கிறதா என்று கேட்டால் போதும்.

எல்லாம் பார்த்தாச்சு, கம்பெனியைத்தான் மாற்ற வேண்டும்

சரி, மாற்றுங்கள். ஆனால் உங்கள் போன் எண்ணை உடனே புது கம்பெனிக்கு மாற்றிவிடாதீர்கள். கம்பெனிகள் காட்டும் சேவை வரைபடம் பெரும்பாலும் கணக்குப் போட்டு வரைந்தது, உங்கள் சுவர் அந்தக் கணக்கில் இல்லை. இருப்பதிலேயே சின்ன ப்ரீபெய்டு திட்டத்தில் ஒரு சிம்மோ இ-சிம்மோ வாங்கி இரண்டாவது இடத்தில் போடுங்கள். ஒரு வாரம், அதே கட்டில், அதே மேசை, அதே வழி. பழைய தாளிலேயே பக்கத்துப் பத்தியில் எண்ணை எழுதுங்கள். இரவு ஒன்பது மணி வேகமும் எழுதுங்கள். கட்டிலில் 5, 6 எண்தான் கூடுகிறது என்றால் மாற்றுவதில் பலன் இருக்காது. 10க்கு மேல் கூடினால் மாற்றலாம்.

உங்கள் போன் மாடலில் புது கம்பெனியின் வோல்டியும் வைஃபை காலிங்கும் ஓடுகிறதா என்பதை அந்த வாரத்திலேயே சோதித்துவிடுங்கள். புது கம்பெனியும் பழைய டவரையே வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறதா என்றும் கேளுங்கள். அப்படியென்றால் சிக்னலில் மாற்றம் இருக்காது.

பழைய சேவையை முதலில் ரத்து செய்துவிடாதீர்கள், எண்ணே கை நழுவிப் போய்விடும். பழையது உயிரோடு இருக்கும்போதே அதே எண்ணோடு கம்பெனி மாறுவதற்கு விண்ணப்பம் கொடுங்கள். மாறும் நேரத்தில் சில மணி நேரம் ஓடிபி வராது, வங்கி வேலை இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த கம்பெனியும் எடுக்கவில்லையென்றால் அந்தத் தாளையே புகாராக எழுதுங்கள்: தேதி, நேரம், எந்த அறை, டிபிஎம் எண், பேண்ட், சோதனைத் திரையில் தெரியும் செல் ஐடி (டவரின் அடையாள எண்). "சிக்னல் இல்லை" என்று மட்டும் சொன்னால் போனை அணைத்துப் போடச் சொல்லிப் புகாரை மூடிவிடுவார்கள். எண்ணோடு சொன்னால் அது பொறியாளர் மேசைக்குப் போகும். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள். சொன்ன நாளுக்குள் பதில் வராவிட்டால், அதே தாளோடு உங்கள் நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்புக்கு அனுப்பும்போது அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.